எண்ணாமல் எழுதிய இருபது

போன மாதம் தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆறு வருடங்கள் என்னோடு ஆஸ்பத்திரியில் ஒரே வாட்டில் வேலை செய்த தாதி. இப்போது அந்த வாட்டுக்கு அவள்தான் பொறுப்பு.

"அண்ணை, எங்கடை வாட்டுக்குப் புது மொனிற்றர் நாலு வந்திருக்கு. நாடி, பிரஷர், ஒக்சிசன், மூச்சு எல்லாம் தானாக் காட்டுது. இனி ஒருத்தரும் நிண்டு எண்ணத் தேவையில்லை," என்றாள்.

"நல்ல விசயம் பிள்ளை," என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. அந்த மெசின் பன்னிரண்டு வருடத்துக்கு முதல் வந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திராது.

"அதில்லை அண்ணை. புதுசா வந்த பிள்ளையள் கேக்குதுகள், இளம் ஆக்களுக்கு நியூமோனியா வந்தா ஏன் சில பேருக்கு மட்டும் அவ்வளவு சிக்கலாகுது எண்டு. நான் உங்கடை சுதாகரன்ரை கதையைச் சொல்லத் தொடங்கினன். பாதிக்கு மேலை எனக்கே சரியாத் தெரியேல்லை. நீங்களே ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

'உங்கடை சுதாகரன்' என்று அவள் சொன்னது சரிதான். அவர் எனக்குச் சொந்தமில்லை, ஊரவருமில்லை. ஆனால் சொந்தக்காரர் பலரை நினைத்ததைவிட அவரைத்தான் நான் கூடுதலாக நினைத்திருக்கிறேன்.

என்னுடைய சேவைக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மூன்று வருடப் பயிற்சி. முதல் நியமனம் மலைநாட்டில். குளிரில் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு இடமாற்றம் கேட்டுக் கேட்டு, குடாநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்தேன். மிச்சக் காலம் பெரும்பாலும் அங்கே ஆண்கள் மருத்துவ வாட்டில்தான் போனது. பயிற்சியில் படித்ததில் பாதியை வேலை பழகப் பழக மறந்துவிட்டேன். மறந்துபோனது தெரியாமலே நல்ல தாதி என்று பெயரும் எடுத்திருந்தேன்.

எங்கள் வாட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிலோமினா சிஸ்டர். குருநகர்க்காரி. தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். கட்டையான உருவம். நடந்து வருவது கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். எல்லோரையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார், கூட்டித் துடைக்கும் தொழிலாளியிலிருந்து புதிதாக வந்த டொக்டர் வரைக்கும். அந்த 'நீர்' என்பதில் ஒரு பட்சம், ஒரு அன்பு இருக்கும். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் உயராது. 'நீங்கள்' என்று தொடங்குவார். "நீங்கள் இந்தப் போத்தலை எப்ப மாத்தினீங்கள்?" என்று சிஸ்டர் கேட்டால், கேட்கப்பட்டவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவர்களும் தங்கள் கையைப் பார்த்துக்கொள்வார்கள்.

புதிதாக ஒரு நோயாளி வந்தால் சிஸ்டரின் முதல் கேள்வி வருத்தம் என்ன, நோய் என்ன என்று இராது. "ராத்திரி என்ன கறி?" என்று கேட்பார். நோயாளி சிரிப்பார். மீன் என்பார், கத்தரிக்காய் என்பார், சில பேர் மனைவியின் சமையலைக் குறை சொல்லத் தொடங்குவார்கள். அதற்குள் சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்திருப்பார். நாடி பார்க்கிறார் என்றுதான் நோயாளி நினைப்பார். சிஸ்டரின் கண் அவருடைய வயிற்றில் இருக்கும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். அதனால்தான் இந்தக் கள்ளம். சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் மணிக்கூட்டில் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுவார். நாங்கள் பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்குவோம். "பெருக்கலாம், பிழையும் நாலாலை பெருகும்," என்பார். சாப்பாட்டுக் கேள்வியும் சும்மா அல்ல. ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று சொல்லும் இளம் ஆளை அவர் அன்று முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவார்.

அந்தக் கேள்வியால் ஒரு உயிர் தப்பியதை நான் கண்டிருக்கிறேன். பருத்தித்துறையிலிருந்து ரூபன் என்றொருவர் வந்தார். இருபத்தாறு வயது, வள்ளத்தில் தொழில். மீன்படும் காலம் என்பதால் காய்ச்சலோடு ஒன்பது நாள் கடலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். சிகரெட்டும் உண்டு, பின்னேரத்தில் சாராயமும் உண்டு. என்ன கறி என்று சிஸ்டர் கேட்க, "சோறு மனமில்லை சிஸ்டர். தண்ணிதான். குடத்தோடை குடிக்கிறன்," என்றார். சிஸ்டர் டொக்டர் வரும்வரை காத்திருக்கவில்லை. விரலில் குத்திச் சீனி பார்த்தார். மெசின் எண் காட்டவில்லை, 'மிக அதிகம்' என்ற எழுத்தைத்தான் காட்டியது. ரூபனுக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு, இருந்தது அன்றுவரை ரூபனுக்கே தெரியாது. சுவாசப்பைக்குள் சீழ் கட்டி, ஆறு கிழமை எங்களோடு இருந்து, வாட்டில் எல்லோரையும் சிநேகிதம் பிடித்துக்கொண்டு போனார். அன்று சிஸ்டர் ரூபனின் நோய்க்குறிப்பு ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "வயசு இருபத்தாறு எண்டு ரிக்கற்றிலை எழுதியிருக்கு. உடம்புக்குள்ளை என்ன இருக்கெண்டு ஆர் எழுதினது? அதை நாங்கள்தான் கேட்டு எழுதவேணும்."

நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். தலையையும் ஆட்டியிருப்பேன்.

சுதாகரன் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. டெங்குக் காலம். ஒரு கட்டிலில் இரண்டு பேர், கீழே பாயிலும் ஆட்கள். சிஸ்டர் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தார். சுதாகரன் நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரர், முப்பத்தொரு வயது. தானே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மனைவி மேகலாவைப் பின்னால் இருத்தி வந்திருந்தார். நல்ல உறுதியான தோள். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அண்ணை. போன கிழமை லொறிக்குக் குலை ஏத்தேக்கை இடப்பக்கம் பிடிச்சுப் போட்டுது. மூச்சை இழுத்தா விலாவிலை ஊசியாலை குத்தினமாதிரி."

"காய்ச்சல்?"

"முதல் ரெண்டு நாள் குளிரினது. பிறகு இல்லை."

"மருந்து ஏதும் போட்டனீங்களோ?"

அவர் மேகலாவைப் பார்த்தார். மேகலா நிலத்தைப் பார்த்தாள். "எண்ணெய் பூசினது," என்றார் அவர்.

அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டதை நினைவில் வைத்திருக்க நேரமில்லை. பின்னால் மூன்று பேர் நின்றார்கள். வெப்பமானி வைத்தேன், காய்ச்சல் இல்லை. நாடி நூற்று நாலு. மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவர்தானே என்று நினைத்தேன். பிரஷர் சரி. மூச்சுக்கான கட்டத்தில் இருபது என்று எழுதினேன்.

இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு அந்த இருபதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் எழுதியிருப்பீர்கள். கட்டத்தை வெறுமையாக விட முடியாது. இருபது என்று போட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அன்று நான் பயிற்சித் தாதி அல்ல. அந்த வாட்டில் பதினொரு வருடம் வேலை செய்து முடித்திருந்தேன்.

வாட் டொக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். இடப்பக்கம் கீழே சத்தம் குறைவு. நோவினால் மூச்சை ஆழமாக எடுக்கவில்லை என்று நினைத்தார். காய்ச்சல் இல்லை, மூச்சு இருபது, பாரம் தூக்கிய ஆள், இளம் வயது. தசைப்பிடிப்பாக இருக்கலாம், நாளைக்கு எக்ஸ்றே எடுப்போம் என்று எழுதிவிட்டு டெங்கு நோயாளிகளிடம் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர் வாசித்தார்.

பின்னேரம் மூன்று மணிக்குச் சிஸ்டர் திரும்பி வந்தார். கட்டில் வரிசையைப் பார்த்துக்கொண்டு போனவர் சுதாகரனிடம் நின்றுவிட்டார். சுதாகரன் பக்கத்துக் கட்டில்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு சொல், ஒரு மூச்சு. மூன்று சொல், ஒரு மூச்சு. அந்த வழியால் நான் அன்று நாலைந்து தரம் போய் வந்திருப்பேன்.

"மத்தியானம் என்ன கறி?"

"ஒண்டும்... இறங்கேல்லை... சிஸ்டர்."

சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம் எண்ணினார். விடவில்லை. இன்னொரு நிமிடம் எண்ணினார். பிறகு கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஜெயராசா, இந்த இருபதை நீங்கள் எண்ணினீங்களோ?"

நீங்கள். பதினொரு வருடத்தில் என்னிடம் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

எண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து மணித்தியாலத்தில் ஒரு ஆளுக்கு வருத்தம் கூடலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இல்லை சிஸ்டர்."

"அப்ப அதை எழுதுங்கோ. இப்ப முப்பத்தாறு. அதையும் எழுதுங்கோ."

எழுதினேன். காலை பத்து மணிக்கு மூச்சு எண்ணப்படவில்லை, மூன்று மணிக்கு எண்ணியபோது முப்பத்தாறு என்று இரண்டு வரி. கீழே கையெழுத்து. அட்டையைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு எல்லாம் ஓட்டம்தான். எக்ஸ்றேயில் இடப்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. தான் தங்கும் விடுதிக்குப் போயிருந்த பெரிய டொக்டர், அதாவது எங்கள் வைத்திய நிபுணர், திரும்பி வந்தார். விலா எலும்புகளுக்கு நடுவில் ஊசியை ஏற்றி இழுக்க, மஞ்சளாகக் கஞ்சிபோலச் சீழ் வந்தது. சுவாசப்பைக்கு வெளியே, நெஞ்சுக் கூட்டுக்குள் சீழ் கட்டியிருந்தது. உடனே குழாய் போட்டார்கள். நான் சுதாகரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முன்கையைப் பிடித்திருந்தார். நகம் பதிந்த அடையாளம் மூன்று நாள் இருந்தது.

அந்தக் குழாயையும் போத்தலையும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த எட்டு ஒன்பது நாள் என் வேலை அதுதான். நெஞ்சிலிருந்து வரும் குழாயின் நுனி கட்டிலுக்குக் கீழே இருக்கும் போத்தலில், தண்ணீருக்குள் இரண்டு விரல்கடை அமிழ்ந்திருக்கும். சீழும் காற்றும் வெளியே வரலாம். வெளிக்காற்று உள்ளே போக முடியாது. போத்தலை ஒருபோதும் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்தக்கூடாது. நோயாளி மூச்சு விடும்போது குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். அது அசையாமல் நின்றால் இரண்டில் ஒன்று: உள்ளே எல்லாம் வடிந்து சுவாசப்பை விரிந்துவிட்டது, அல்லது குழாய் அடைத்துவிட்டது. முதலாவது நல்ல செய்தி. இரண்டாவது கெட்ட செய்தி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

பெரிய டொக்டர் ஒவ்வொன்றாகத் தேடினார். சிகரெட் இல்லை. எப்போதாவது கள்ளு, அதுவும் கொஞ்சம். சீனி சரி. காசநோய்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. "இவ்வளவு உறுதியான ஆள் ஏன் இந்த நிலைக்கு வந்தார்? ஏதோ ஒண்டை நாங்கள் கேக்கேல்லை," என்று ரிக்கற்றைத் தட்டிக்கொண்டே இருந்தார். மேகலா பக்கத்தில்தான் நின்றாள். வெளியே நடைபாதையில் சுதாகரனின் தமையன் அவளிடம், "வீட்டிலை வைச்சு என்ன குடுத்தனி அவனுக்கு?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. அவள் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

முதல் நாலு நாள் சீழ் வந்தது. பிறகு குறைந்தது. ஆறாம் நாள் தண்ணீர் அசையாமல் நின்றது. காய்ச்சல் அட்டையில் கோடு பெரும்பாலும் கீழேயே ஓடியது. சுதாகரன் சிரித்துக்கொண்டு, வாழைக்குத் தண்ணீர் இறைக்க ஆளில்லை, எப்போது விடுவீர்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கொஞ்சம் களைப்பதுபோல் காட்டியது. ஏற்றும் மருந்தால் இருக்கும் என்று நினைத்தோம். எட்டாம் நாள் பெரிய டொக்டர், நாளைக் காலை இன்னொரு எக்ஸ்றே பார்த்துவிட்டுக் குழாயை எடுக்கலாம் என்றார்.

அன்று பின்னேரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஒரு கிழமையாக என்னை 'நீங்கள்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெயராசா, இஞ்சை பாருங்கோ. அட்டை காய்ச்சல் இல்லையெண்டுது. ஆனா மூச்சு இன்னும் இருபத்தெட்டு. ரெண்டிலை ஒண்டு பொய் சொல்லுது."

அந்த இருபத்தெட்டு நான் எண்ணியது. அந்த எட்டு நாளும் முழு நிமிடம் எண்ணித்தான் எழுதியிருந்தேன்.

சிஸ்டர் காய்ச்சல் கோட்டில் விரலை வைத்து நகர்த்தினார். தினமும் காலை பத்து மணிக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. பார்வையாளர் நேரம் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி, பிறகு பின்னேரம் ஒரு மணித்தியாலம். இரண்டு மணிக்குப் பார்த்தால் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை, இரண்டு மணிக்கு நூற்றிரண்டரை. சிஸ்டரின் விரல் அங்கே நின்றது.

"வியாழக்கிழமை மத்தியானம் மேகலா வந்தவவோ?"

யோசித்தேன். மகளுக்குச் சுகமில்லை என்று அன்று அவள் மத்தியானம் வரவில்லை. பின்னேரம்தான் வந்தாள். அட்டையில் பின்னேரத்துக்குப் பிறகு காய்ச்சல் இறங்கியிருந்தது.

"மனிசி வந்தா இறங்குது, வராட்டி ஏறுது. இப்பிடி ஒரு காய்ச்சலை நான் காணேல்லை," என்றார் சிஸ்டர். "போய்க் கேளுங்கோ. வெருட்டாமல் கேளுங்கோ."

மேகலா தண்ணீர்க் குழாயடியில் சாப்பாட்டுப் பெட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பிள்ளை, சுதாகரனுக்கு வீட்டிலையிருந்து ஏதும் மருந்து கொண்டுவந்து குடுக்கிறீரோ?"

"இல்லை அண்ணை."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவற்றை தமையனுக்கும் சொல்லமாட்டன். டொக்டருக்கு மட்டும் தெரியவேணும். நாளைக்குக் குழாயை எடுக்கப்போகினம். உள்ளுக்குச் சீழ் இருக்கேக்கை எடுத்தா..."

முடிக்கவில்லை. பெட்டி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து அதை எடுக்காமல், இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை நீட்டினாள். பாதி வெறுமை. முழங்கால் வாதத்துக்குக் கொடுக்கும் கடுமையான நோக்குளிசை, வலி மாத்திரை.

"அம்மான்ரை குளிசை அண்ணை. முதல் நாள் விலா நோகுதெண்டு துடிச்சவர். அம்மாட்டைக் கேக்காமல் எடுத்துக் குடுத்தனான். போட்டவுடனை எழும்பித் தோட்டத்துக்குப் போயிட்டார். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டவர். இஞ்சை வந்தும், குழாய் போட்ட இடம் நோகுது, காய்ச்சல் காட்டினா வீட்டை விடமாட்டினம், கொண்டு வா எண்டார். நான்தான் அவரைக் கெடுத்தனானோ அண்ணை?"

நான் அந்த இடத்தில் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். உன்னால் மட்டும் இல்லை, நானும் ஒரு பிழை விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், "உதைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்று சொல்லிவிட்டுக் குளிசை அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

அதைச் சிஸ்டரின் மேசையில் வைத்தேன். அவர் வெறுமையான குழிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை என்ன? போய்க் குடிச்சிட்டு வாரும். நான் டொக்டரோடை கதைக்கிறன்," என்றார். தேநீரை வாங்கிக்கொண்டு மருந்து அறைக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன். ஐம்பதை நெருங்கிய மனிதன் ஒரு 'நீர்' என்ற சொல்லுக்கு அழுததை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

குளிசையை நிறுத்தியதும் அடுத்த நாள் காலை காய்ச்சல் நூற்று மூன்றரைக்கு ஏறியது. சுதாகரனுக்குக் கட்டில் ஆட நடுக்கம். பார்க்கப் பயமாக இருந்தாலும் அதுதான் உண்மை நிலை. பெரிய டொக்டர் ஸ்கான் எடுத்துப் பார்த்தார். முதுகுப் பக்கமாக, குழாய் எட்டாத இடத்தில், இன்னொரு சீழ்க்கட்டி. சீழ் தடித்துச் சவ்வுபோலச் சுவாசப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தது. நெஞ்சைத் திறந்து சுத்தம் செய்யவேண்டும், அந்த வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்புவோம் என்றார். குழாயை எடுத்து வீட்டுக்கு விட்டிருந்தால் என்று அவர் தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அம்புலன்சில் நான் போனேன். போத்தலை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு குழியிலும் அவர் முனகினார். முகத்தில் ஒக்சிசன். அதை ஒரு தரம் விலக்கினார்.

"அண்ணை, மேகலா பாவம். நான்தான் கேட்டனான். நான் வராட்டி... ஆரும் அவளைப் பேச விடாதேங்கோ."

"நீர் வருவீர். வந்து நீரே சொல்லும்," என்று ஒக்சிசனைத் திரும்ப வைத்தேன். வருவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. வழி முழுக்க எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டு. நாற்பது. முப்பத்தெட்டு.

அறுவைச் சிகிச்சை நாலு மணித்தியாலம் நடந்தது. ஐந்து நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் மூச்சு மெசினோடு இருந்தார். அந்த ஐந்து நாளும் சிஸ்டர் காலையில் வந்தவுடன் அங்கே ஒரு அழைப்பு எடுப்பார். பிறகு எங்களைப் பார்த்து, இன்னும் அப்படியேதான் என்பதுபோலத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். ஆறாம் நாள் அழைப்பை வைத்துவிட்டு, "கஞ்சி கேட்டவராம்," என்றார். வாட்டில் அன்று முழுக்க ஒருவரும் ஒருவரோடும் சண்டை பிடிக்கவில்லை.

அதன்பிறகு பெரிய டொக்டர் எங்கள் எல்லோரையும் இருத்திவைத்து அரை மணித்தியாலம் கதைத்தார். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு அவர் சொன்னதுதான் என் பதிலும். இளம் உடம்பு கனநாள் சமாளிக்கும், பிறகு ஒரேயடியாக விழும். அதனால் எத்தனை நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார் என்று கேளுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்துகிறதா என்று கேளுங்கள்; பாரம் தூக்கினேன் என்று அவரே காரணம் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். குடி, சிகரெட், தெரியாத சீனி பாருங்கள். என்ன குளிசை போட்டார் என்று ஒரு தரம் அல்ல, மூன்று தரம் கேளுங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களின் குளிசையையும் சேர்த்துக் கேளுங்கள். இந்த நோக்குளிசைகளைப் பல நாள் போட்டுவிட்டு வருகிற இளம் ஆட்களிடம் நெஞ்சில் சீழ் கட்டுவது கூடுதலாகக் காணப்படுகிறது என்றார். அந்தக் குளிசை காய்ச்சலையும் நோவையும் மறைத்து, ஆஸ்பத்திரிக்கு வருவதைப் பிந்தச் செய்கிறது. உடம்பின் எதிர்ப்பையும் மந்தப்படுத்தக்கூடும். ஆனால் இந்த ஒரு ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து சுதாகரன் எங்கள் கிளினிக்குக்கு வந்தார். பதினாலு கிலோ குறைந்திருந்தார். சேட்டு உடம்பில் தொங்கியது. ஆனால் படியைத் தானே ஏறினார். மேகலாவுக்குப் பதில் அவளுடைய தாய் கூட வந்திருந்தார். அறுபது வயதிருக்கும், முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தார். சுதாகரன் வரிசை நம்பர் துண்டு எடுக்கப் போக, அந்த அம்மா நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். மேகலாவும் சொல்லாள், மருமோனும் சொல்லார். என்ரை டப்பாவிலை குளிசை குறைஞ்சது எனக்குத் தெரியாதோ? என்ரை குளிசையாலையோ அந்தப் பிள்ளை சாகக் கிடந்தது?"

இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். கிளினிக்கில் அன்று நல்ல சனக்கூட்டம். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"குளிசை காய்ச்சலை மறைச்சது உண்மைதான் அம்மா. அதாலைதான் வந்ததெண்டு டொக்டராலையும் சொல்லேலாமல் கிடக்கு. ஆனா மூச்சை அது மறைக்கேல்லை. அவர் வந்த அண்டைக்கு அது எல்லாருக்கும் தெரியிறமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை எண்ணவேண்டியவன் நான். எண்ணாமல் இருபது எண்டு எழுதினனான். அதாலை அஞ்சு மணித்தியாலம் அவர் மருந்தில்லாமல் கிடந்தவர்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"உது மருமோனுக்குத் தெரியுமோ?"

"இல்லை அம்மா."

"மேகலாவுக்கு?"

"இல்லை."

சுதாகரன் துண்டோடு வந்தார். நான் எழும்பப் பார்த்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். "இரும் சுதா. நானும் இந்தத் தம்பியும் உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும்," என்றார்.

முதலில் அவர், டப்பாவில் குளிசை குறைந்தது தெரிந்தும் கேட்காமல் விட்டதைச் சொன்னார். பிறகு நான் சொன்னேன். சுதாகரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்டின இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு மெல்ல ஒரு பெருமூச்சு விட்டார்.

"அப்ப பிழை விட்டது நாங்கள் மூண்டு பேரும்தான்," என்றார். "தான் ஒருத்திதான் எண்டு நினைச்சு அவள் ராப்பகலா அழுகிறாள். வாங்கோ அண்ணை, ஒரு நாளைக்கு வீட்டை. வந்து அவளுக்கும் சொல்லுங்கோ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீர்வேலிக்குப் போனேன். வாசல் படலையைத் திறந்தது மேகலாதான்.